எத்தனை பேருக்கு அவியல்?

மலேசியாவில், தைப்பிங்கில் எங்கள் வீட்டுக் காய்கறி ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் காரில் வரும். ஒரு வாரத்துக்கானது. முட்டைக்கோஸ் முழுசாக, பூசணி முழுசாக, கங்கோங் கீரை கட்டுக் கட்டாக. என்ன சமைப்பது என்பதை அம்மா அதற்குப் பிறகுதான் யோசிப்பார். படிப்புக்காகத் திருவனந்தபுரம் வந்த முதல் வாரத்திலேயே இந்த வரிசை இங்கே தலைகீழ் என்று தெரிந்துவிட்டது. முதலில் என்ன கறி என்று சொல்ல வேண்டும். பிறகு அதை எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். காய் அதற்கப்புறம்தான் பைக்குள் விழும்.

நான் படிப்பது காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் படிப்பு. அதில் ஒரு பகுதியை மலேசியாவுக்கு வெளியே முடிக்கலாம் என்றார்கள். தமிழ் பேசும் வீட்டில் தங்க இடம் கிடைத்தால் திருவனந்தபுரம் போகிறேன் என்றேன். கிடைத்த வீடு வலியசாலையில் இருந்தது. வீட்டுக்காரர் ஆறுமுகம் பிள்ளை. பூர்விகம் நாகர்கோவில் பக்கம். கோட்டைக்கு அருகே சாலை என்று ஒரு பழைய கடைவீதி இருக்கிறது. அங்கே ஒரு மொத்த அரிசிக் கடையில் வாலிபம் முதல் கணக்கு எழுதுகிறவர். அவர் மனைவி பகவதி. "ஆன்ட்டி" என்று நான் வாயைத் திறந்ததுமே தடுத்துவிட்டார்.

"அதென்னத்துக்கு ஆன்ட்டி? அத்தைன்னு விளிச்சாப் போரும் மக்ளே."

எனக்குக் கொடுத்த அறையில் ஒரு பெண்ணின் படிப்பு மேசை இருந்தது. சுவரில் படம் கழற்றிய இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. மகள் சுஜாவுக்குக் கல்யாணமாகி வேறிடத்தில் இருக்கிறாள் என்று அத்தை சொன்னார். எந்த இடம் என்று நான் கேட்டேன். அத்தை பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போனார். பால் பொங்கவில்லை.

அந்த வீட்டில் காய்கறி வாங்குவது ஆண்பிள்ளை வேலை. நான் பெண்பிள்ளை என்றாலும் முதல் சனிக்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாலைக்குள் காலை வைத்ததும் கொத்தமல்லி விதை, கயிறு, நனைந்த சாக்கு எல்லாம் ஒன்றாக மணத்தன. பாரம் தூக்குகிறவர்கள் முதுகில் மூட்டையோடு வந்து, "வழி, வழி" என்று மலையாளத்தில் அதட்டினார்கள். கடைக்குள் இருப்பவர்கள் தமிழில் விலை சொன்னார்கள். அதே வாயால் அடுத்த ஆளிடம் மலையாளத்தில் சொன்னார்கள். மலாய் பேசிக் காய் வாங்கி, தமிழில் அம்மாவிடம் விலையைப் புலம்பும் எனக்கு இது ஒன்றும் புதிதில்லை.

ஒரு சந்து முனையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சுமதி சேச்சியின் கடை. சேச்சி என்றால் இங்கே அக்கா. நெடுமங்காட்டுக்காரர், மலையாளி. அண்ணாச்சிமார்களோடு பழகிப் பழகி வந்த தமிழ் அவருடையது.

"அவியலுக்கு" என்றார் மாமா.

"எத்தர பேருக்கு அண்ணாச்சி?"

"மூணு."

சேச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார். மாமா என் பக்கம் கையைக் காட்டினார். "படிக்க வந்த பிள்ளையாக்கும். மலேசியா." சேச்சியின் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. என்னவென்று அன்று எனக்குப் புரியவில்லை.

சேச்சியின் கை தராசுப் பக்கமே போகவில்லை. ஒரு கீற்று சேனை, ஒரு துண்டு தடியங்காய், பாதி வாழைக்காய், ஒரு முருங்கைக்காய், நாலு விரல் நீளத்துக்குப் புடலங்காய், பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை. தடியங்காய் என்பது எங்கள் ஊர் சாம்பல் பூசணி. முழுக் காயைத் தவிர வேறொன்றும் வாங்கத் தெரியாத வீட்டில் வளர்ந்த எனக்கு, இந்தத் துண்டுகள் கடைக்காரர் மிச்சம் மீதியைத் தள்ளிவிடுவது போலத்தான் பட்டன. இங்கே எல்லாக் கடையிலும் இதுதான் நடைமுறை என்று பிறகு தெரிந்தது. வீட்டில் எத்தனை வாய் என்று சொன்னால் போதும், அத்தனை வாய்க்கு வேண்டியது பைக்குள் இருக்கும்.

எல்லாருக்கும் போடுகிற கேரட்டை மட்டும் சேச்சி தானாகவே ஒதுக்கிவிட்டு, இரண்டு பிஞ்சுக் கத்தரிக்காயும் ஐந்தாறு புளிச்சிக்காயும் போட்டார். விரல் நீளத்தில், பச்சையாக, கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் காய். தைப்பிங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் இந்த மரம் நிற்கிறது. பெலிம்பிங் என்போம், உப்புத் தொட்டுத் தின்போம். கடல் தாண்டி வந்து அதைப் பார்த்ததும் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன்.

"எங்க வீட்டு அவியல்ல தயிர் கெடையாது, இதுதான் புளிப்பு" என்றார் மாமா. "கேரட்டு போட்டா இனிக்கும். அவியல் என்ன பாயசமா?"

அடுத்த வாரங்களில் நான் தனியாகச் சுற்றக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது பெரிய வார்த்தை. கிழக்கேகோட்டையில் பேருந்துப் பலகைகளைப் படிக்கத் தெரியாமல், கூட்டம் ஏறிய வண்டியில் நானும் ஏறி, தென்னந்தோப்பும் காயலும் தெரிகிற இடம்வரை போய்விட்டேன். மலாய்க்கும் மலையாளத்துக்கும் பெயரில் மட்டும்தான் உறவு. நடத்துநர் தலையில் அடித்துக்கொண்டு, திரும்புகிற வண்டியில் ஏற்றிவிட்டு, அதன் நடத்துநரிடம் "இந்தக் குழந்தையைக் கோட்டையில் இறக்கிவிடு, வேறெங்கும் இறங்க விடாதே" என்று மலையாளத்தில் சொல்லிப் போனார். என் வயதுக்கு அந்தக் 'குழந்தை' கொஞ்சம் அதிகம்தான்.

கர்க்கடக மாத மழை, அதாவது நம் ஆடி மழை, வந்தது. எங்கள் ஊர் மழை அடித்துவிட்டு ஓடிவிடும். இந்த மழை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு காலையில் மாமா வாசற்படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, காலை முக்காலி மேல் நீட்டி உட்கார்த்தி வைத்தார்கள். சனிக்கிழமை வந்தது. பை ஆணியில் தொங்கியது. அத்தை கடைக்குப் போய் வழக்கமில்லை, போகிறேன் என்றாலும் மாமா சம்மதிக்கவில்லை.

"நான் போகிறேன் மாமா" என்றேன்.

அவர் பையைக் கண்ணால் காட்டினார். "சுமதிகிட்ட மூணுன்னு சொன்னாப் போரும். வேற ஒண்ணும் பேசாண்டாம்" என்றார்.

பேசாதே என்றால் பேசத்தானே தோன்றும். அதுவும் பேச்சுப் பயிற்சி படிக்கிறவளுக்கு. அன்று சேச்சிதான் ஆரம்பித்தார். "ஆ வீட்டில் முன்னே மூணு பேருதான் மோளே. ஒரு நாள் அண்ணாச்சி வந்து ரெண்டுன்னு சொன்னார். நான் ஒண்ணும் கேட்டில்ல. கேட்டா நின்னு கரஞ்சு அழும்போலே இருந்தது முகம்." சுஜா தன்னோடு வேலை பார்த்த பிஜுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கிறாள். கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன். ஒரே ஊர், ஆட்டோவில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அந்த வீட்டுக்கு மட்டும் அவள் வெளியூர் ஆகிவிட்டாள்.

மாமா மூன்று என்று சொன்னபோதெல்லாம் நான் அவள் இடத்தில் நின்றிருக்கிறேன் என்று நினைத்ததும், பையைத் தூக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகொரு சனிக்கிழமை மழை சாய்த்துப் பெய்தது. தார்ப்பாய்க்குக் கீழே நாலைந்து பேர் ஒண்டி நின்றோம். எனக்கு முன்னால் சுடிதார் போட்ட ஒரு பெண், மலையாளத்தில் இரண்டு பேருக்கு அவியல் காய் கேட்டாள். கேரட் வேண்டாம், கத்தரிக்காய் வேண்டும், புளிச்சிக்காய் நிறைய வேண்டும் என்றாள். கை நிறைய அள்ளிப் போட்டும், இன்னும் கொஞ்சம் என்றாள். கூட்டத்தின் அவசரத்தில் ஆளுக்கொரு பையை வாங்கிக்கொண்டு மழையில் ஓடினோம். அவளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நானும் ஒரு மண்டுதான்.

வீட்டில் அத்தை பையை முறத்தில் கொட்டினார். கொட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது நம்ம பை இல்லே மக்ளே. இது ரெண்டு பேருக்குள்ளது."

பை மாறியிருக்கும், மன்னியுங்கள் என்றேன். அத்தை என்னைக் கவனிக்கவில்லை. கேரட் இல்லை. பிஞ்சுக் கத்தரிக்காய் இருக்கிறது. சேனைத் துண்டை எடுத்து வைத்தார், வாழைக்காயை எடுத்து வைத்தார். கடைசியில் முறத்தில் புளிச்சிக்காய் மட்டும் ஒரு குவியலாகக் கிடந்தது.

"கடையில யாரு நின்னா? ஒரு பெண்ணா? நெத்தியில முடி சுருண்டு கெடக்குமா?"

ஆமாம் என்றேன்.

"அவ புளிப்பு தொடமாட்டா. சின்னதுல அவியல் வச்சா, புளிச்சிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கி என் தட்டுல போடுவா." அத்தை ஒரு காயை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். "இப்ப இவ்வளவு வாங்கீட்டுப் போறான்னா..." அழுதார், சத்தம் வராமல். முன்னறையில் மாமாவின் கால் முக்காலியில் இருந்தது.

சேச்சி தெரிந்தே பையை மாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அத்தனை வருடக் கடையில் அவர் பை மாறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் கேட்கவும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். "சுஜா முழுகாம இருக்கா. ஏழாம் மாசம் நாம சோறு பொங்கிக் கொண்டுபோய் அவளை இஞ்ச கூட்டீட்டு வரணும்."

இவர்களுக்குள் அது விட முடியாத வழக்கம். ஏழாம் மாதத்தில் பெண்ணின் தாய் வீட்டுக்காரர்கள் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், அவள் வயிறார உண்ட பிறகு பேறுகாலத்துக்கு அழைத்து வர வேண்டும். அப்பன் வந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாத பெண் தாய் வீட்டுப் படி ஏறக்கூடாது.

மாமா கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. "இந்த வீட்டுல எத்தனை பேருன்னு நான் சுமதிகிட்டச் சொல்லியாச்சு" என்றார்.

"அப்ப எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார் அத்தை. "அவ வந்து உக்காந்து சாப்பிடற வரைக்கும் இந்த அடுக்களையில அவியல் கெடையாது."

சொன்னபடியே செய்தார். ஓணம் வந்தது. ஊரே இலை போட்டு அவியல் பரிமாறியது. சாலையில் நேந்திரங்காய் வறுக்கும் எண்ணெய் வாசனை தலைசுற்றும் அளவுக்கு இருந்தது. எங்கள் இலையில் ஓலன், எரிசேரி, தோரன், பருப்பு, பாயசம் எல்லாம் இருந்தன. அவியல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மாமா அந்த இடத்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டார். பண்டிகை நாளில் இவ்வளவு அமைதியான வீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் போடும் கூச்சலை நினைத்து ஏங்கினேன்.

சனிக்கிழமைகளில் சுஜாவைப் பார்க்கத் தொடங்கினேன். நான் யார் என்று சேச்சிதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அத்தை கொடுத்தனுப்பும் கருப்பட்டியும் சுக்கும் அவள் கைக்குப் போகும். பதிலுக்கு அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"அப்பாக்கு கால் எப்படி இருக்கு?"

வலி குறைந்திருக்கிறது என்பேன். கட்டு பிரித்தார்கள் என்பேன். கோல் ஊன்றி நடக்கிறார் என்பேன். ஒரு நாள் நானே கேட்டேன், அம்மா மட்டும் வந்து கூப்பிட்டால் வருவாயா என்று.

"அம்மா தனியே வந்தா அம்மாக்குத்தான் பின்னெ கஷ்டம்" என்றாள். "அப்பா கூப்பிடட்டும். பிஜு ஒண்ணும் பறயல, வேண்டாம்னும் சொல்லல. நான்தான் காத்து நிக்கறேன்." அவள் மலையாளத்துக்கும் தமிழுக்கும் நடுவே நின்று பேசுவாள், எங்கே எது முடிகிறது என்று தெரியாது. அவளுடைய வயிறு அப்போது துப்பட்டாவையும் மீறித் தெரியத் தொடங்கியிருந்தது.

மாமாவுக்குக் கால் சரியாகி, அரிசிக் கடைக்குப் போய்வர ஆரம்பித்தார். ஆனால் சேச்சியின் சந்துக்கு மட்டும் போகவில்லை. சனிக்கிழமைகளில் பையை எடுத்து என் பக்கம் நீட்டி, "கால் வலிக்கு" என்பார். அதே காலோடு அரிசி மூட்டைகளுக்கு நடுவே பகல் முழுக்க நிற்கிறவர். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு முறை அத்தையிடம் கொட்டிவிட்டேன். அத்தை கீரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு மனசு இல்லாம இல்லே மக்ளே. கடையில உள்ளவங்க, எங்க நாத்தனார் வீட்டுக்காரங்க, எல்லாரும் பெண்ணைப் பத்திக் குத்திக் கேட்டது அவருகிட்டதான். எங்கிட்ட யாரும் கேக்கல. பெண்ணுக்கு வெலக்கு வச்சவருன்னு பேரெடுத்துட்டாரு, இனி அதை எறக்கி வைக்க எடம் தெரியல."

நவம்பர் வந்தது. என் படிப்பும் முடியப் போகிறது. வயிறு கனத்துவிட்டதால் சுஜா சாலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பிஜு வந்து பையை வாங்கிப் போவதாகச் சேச்சி சொன்னார். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்றும் சொன்னார். அத்தை அரிசியை ஆய்ந்து தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மாமா அதைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அந்தி மயங்கும் நேரம், மாமா முன்னறையில் கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"சனியாச்ச தோறும் நீ அவளைப் பாத்துட்டிருந்தேல்ல?" என்றார் திடீரென்று.

அவள் சாலைக்கு வந்தவரை பார்த்தேன் என்றேன்.

"என்ன கேப்பா?"

"உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "எங்காலையா?"

"ஆமாம் மாமா."

"எப்பவுமா?"

"எப்பவும். வேறு எதுவும் கேட்க மாட்டாள்."

அவர் தைலக் குப்பியை மூடினார். மூடி சரியாக உட்காராமல் இரண்டு மூன்று முறை திருகினார். அப்புறம் எழுந்து, கோல் எடுக்காமல், சமையலறை வாசல்வரை நடந்து போய் நின்றார். உள்ளே அத்தை இருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்களா என்பதே தெரியாது. நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிளம்பும் நாளும் ஒரு சனிக்கிழமை. காலையில் பை ஆணியில் இல்லை. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "வாறியா, சாலை வரைக்கும்?" என்றார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். வலிப்பதாகச் சொன்னதெல்லாம் பொய் என்று நான் நினைத்தது தவறு.

சந்து முனையில் அவரைக் கண்டதும் சுமதி சேச்சி எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. கத்தியைத் துடைத்தார்.

"அவியலுக்கு" என்றார் மாமா.

"எத்தர பேருக்கு அண்ணாச்சி?"

"மூணு."

பழக்கத்தில் என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். "மாமா, நான் இன்றைக்குக் கிளம்புகிறேனே" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் மக்ளே. நீ போனா ரெண்டு." அவர் என்னைப் பார்க்காமல், அடுக்கி வைத்திருந்த தடியங்காயைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்கு நாங்க போய் சுஜாவைக் கூட்டீட்டு வாறோம். அவ வந்தா மூணு. புளிச்சிக்காய் கூடுதல் போடு சுமதி."

சேச்சி தலையை ஆட்டினார். குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், என் கண்ணும் சரியில்லை. சேனையை வெட்டினார். எத்தனையோ சனிக்கிழமை அந்தக் கையைப் பார்த்து நின்றவள் நான். மூன்று பேர் என்றால் அவர் வாழைக்காயைப் பாதியாக வெட்டுவார். அன்று முழுசாகப் போட்டார். முருங்கைக்காய் ஒன்றுக்குப் பதில் இரண்டு விழுந்தது. கீற்று சேனை தடித்திருந்தது. அது மூன்று பேருக்கான காய் இல்லை, பிஜுவையும் சேர்த்து நான்கு பேருக்கானது.

மாமா பையை வாங்கினார். வாங்கிய கை கொஞ்சம் இறங்கியது. அரிசிக் கடையில் தலை நரைத்த மனிதருக்கு எடை கையிலேயே தெரியும். பையை ஒரு முறை தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கே" என்றார்.

"சேனைக்கு கனம் உண்டாவும் அண்ணாச்சி" என்றார் சேச்சி, நிமிர்ந்து பார்க்காமல்.

மாமா பையின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். எதையும் எடுத்துத் திருப்பி வைக்கவில்லை. பையை மூடி, மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து எனக்கு முன்னால் நடந்தார்.